கொச்சிக்கடை வரை ஓட்டமாக ஒரு நேர்த்தி

நேர்த்திக்கடன் வைத்தவள் என் மனைவி. ஓட வேண்டியவன் நான். இப்படி ஓர் ஏற்பாடு எந்தச் சமயத்தில் செல்லுபடியாகும் என்று நான் விசாரிக்காத ஆள் கொழும்பு வெள்ளவத்தையில் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை.

நடந்தது இதுதான். ஒருநாள் மத்தியானம் நண்டுக் குழம்போடு மூன்றாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்பினேன். நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே என் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே வாங்கில் குந்தியிருந்த என் மனைவி தன் ஊர்ப் புனிதரோடு நேரடியாகப் பேசி முடித்துவிட்டாள். அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். எந்த அவசரத்துக்கும் அவளுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார்தான்.

"இந்த மனுசன் எழும்பி வந்தாக் காணும், அந்தோனியாரே. வெள்ளவத்தையில இருந்து உம்மட கோயிலுக்கு ஓடியே வரப் பண்ணுறன்."

பத்துக் கிலோமீற்றர் கிட்ட வரும்; நடந்து என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் என்று சொல்லியிருந்தால் இன்னும் உத்தமம். பயத்தில் வாயில் வந்தது 'ஓடி'. வந்த வார்த்தையை மாற்ற முடியாதாம்.

பின்னேரம் வைத்தியர் வந்து, "ஒண்டுமில்லை, வாய்வு" என்றார். பிறகு ஒருநாள் ட்ரெட்மில்லிலும் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, வயிறுதான் கூடிப்போச்சு, மெல்ல மெல்ல ஓடிப் பழகுங்கோ என்று அவரும் அந்தோனியார் கட்சியில் சேர்ந்துகொண்டார். வாய்வுக்காகப் புனிதரைத் தொந்தரவு செய்த முதல் குடும்பம் நாங்கள்தான் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்கட அப்பாவுக்கும் வாய்வு எண்டுதான் சொன்னவை" என்றாள்.

அது எனக்குத் தெரியும். வாய்வு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அடுத்தநாள் காலை அவர் எழும்பவில்லை. அதனால் நேர்த்தி முடியும்வரை நான் அவளுக்கு இரவல் வாங்கிய மனிதன். பகலில் கதிரையில் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூடத் தோளில் தட்டி எழுப்பி, "சும்மாதான்" என்பாள். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஓடுகிற சப்பாத்து வாங்கினேன்.

நான் சான்றிதழ்கள் மொழிபெயர்க்கிறவன். வெளிநாடு போகிற பாதி வெள்ளவத்தையின் பிறப்பும் திருமணமும் என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. மரைன் டிரைவில் ஓடத் தொடங்கிய அன்றைக்குத்தான் அதில் உள்ள ஆபத்து விளங்கியது. ஒரு பக்கம் தண்டவாளமும் பாறைகளும் கடலும்; மறுபக்கம் என் வாடிக்கையாளர்கள். காலையில் நடக்க வருகிற அன்ரிமார் நாலு பேராகக் கைகோத்து வருவார்கள். "தம்பி, என்ட சேர்ட்டிபிக்கேட் முடிஞ்சுதோ?" முடிந்தது என்று சொல்லிக்கொண்டே ஓடினால், "என்ன, ஆரும் துரத்துகினமோ?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டுக்கும் பதில் சொல்ல நிற்க வேண்டும். முதல் கிழமை நான் ஓடியதைவிட நின்றது அதிகம்.

பம்பலப்பிட்டியில் வேறு சிக்கல். அங்கே பாறைகளில் குடைகள் முளைத்திருக்கும்; ஒவ்வொரு குடைக்குக் கீழும் ஒரு காதல் சோடி. ஐம்பத்துமூன்று வயதில், வியர்த்து விறுவிறுத்து, முகம் சிவக்க ஓடிவரும் ஒருவனைக் கண்டதும் குடைகள் ஒவ்வொன்றாகத் தாழும். எல்லாப் பெண்களுக்கும் நான் யாரோ ஒருத்தியின் அப்பா. ஒரு பையன் எழும்பியே நின்றுவிட்டான். கையைக் காட்டி, 'நீங்கள் இருங்கோ' என்று சைகை செய்துவிட்டுப் போனேன்.

கொள்ளுப்பிட்டியைத் தாண்டிக் காலிமுகத்திடலுக்கு வந்தால் கடல் தாராளமாகிவிடும். காற்று பின்னால் நின்று தள்ளும், பட்டம் பறக்கும், இறால் வடை வண்டிகள் என்னை ஒரு பழைய நண்பனாகப் பார்க்கும். அங்கே நான் ஓட்டத்தில் தேறினேன்; வைராக்கியத்தில் இரண்டு தரம் தோற்றேன். அதற்கு அப்பால் கோட்டை. அங்கிருந்து துறைமுக மதில் வந்து கடலை மறைத்துவிடும். மதிலுக்கு மேலால் பாரந்தூக்கிகளின் தலை தெரியும், உப்பு வாசனை வரும். கடல் மட்டும் தெரியாது. இப்படித் துண்டு துண்டாக வழி முழுவதையும் பழகினேன். ஒரே மூச்சாக ஒருநாளும் ஓடியதில்லை.

நாள் குறித்தவளும் அவள்தான். செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள். வெய்யில் ஏறமுதல் புறப்பட்டேன். அவள் ஓட்டோவில் பின்னால் வந்தாள். என் கைத்தொலைபேசியும் அவளிடம்தான்; சேர்ட்டிபிக்கேட்காரர் கூப்பிட்டால் நான் நின்றுவிடுவேனாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: களைத்தால் மெல்ல ஓடலாம், நிற்கக்கூடாது. ஓட்டோக்காரர் ஒரு வயதான சிங்களவர். விசயத்தைக் கேட்டதும் நேர்த்தி தனக்கும் உரியது என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சந்தியிலும் தலையை வெளியே நீட்டி, "ஹெமின், மாத்தயா, ஹெமின்!" என்று, மெல்ல ஓடச் சொல்லிச் சிங்களத்தில் கத்துவார். அதைவிட மெல்ல ஓடினால் அதற்கு நடை என்று பெயர்.

காலிமுகத்திடலை வடை இல்லாமல் கடந்தேன். கோட்டையையும் கடந்தேன். புறக்கோட்டையில் லொறிகளும் தள்ளுவண்டிகளும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டோ பின்னால் மாட்டுப்பட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் தெரியவில்லை. அவளுக்கும் நான் தெரியமாட்டேன்.

இனி உண்மையைச் சொல்லவேண்டும். என் காலுறைக்குள் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் மடித்து வைத்திருந்தேன். அதாவது, வீட்டிலிருந்து புறப்படும்போதே நான் யோக்கியன் இல்லை. பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. உள்ளே போய்க் கடைசி மேசையில் இருந்து ஒரு பிளேன்ரீயும் மெத்தென்ற ஒரு சீனிப் பணிஸும் சொன்னேன். அந்தத் தேத்தண்ணியின் ருசியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வெளியே ஏதோ சத்தம். இரண்டு கடை தள்ளி யாரோ வெய்யிலில் மயங்கி விழுந்துவிட்டார், கூட்டம் கூடிவிட்டது. எனக்குக் கேட்டது. நான் எழும்பவில்லை. பணிஸ் பாதியில் இருந்தது.

பிறகு பின்பக்க ஒழுங்கையால் வெளிக்கிட்டு, செட்டியார் தெருவுக்குச் சமாந்தரமாக ஆறுதலாக நடந்தேன். வயிற்றில் பணிஸோடு ஓடக்கூடாது என்பது என் வைத்திய அபிப்பிராயம். கோயில் கண்ணில் பட்டதும் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்து, கடைசி இருபது யார் தூரம் ஓடிக் காட்டினேன். பார்க்க யாருமில்லை. ஓட்டோ வரவில்லை. சுவரோடு சாய்ந்து, வெற்றிபெற்றவனின் முகத்தைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன்.

அப்போது தெருவில் ஆட்கள் விலகினார்கள். ஒரு பெண் ஓடிவந்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பு, கொண்டை அவிழ்ந்திருந்தது, சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. அடுத்த தெருச் சந்தைக்குக்கூட ஓட்டோவில் போகிறவள். என் மனைவி என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கிட்ட வந்தாள். செருப்புகளைக் கீழே போட்டுவிட்டு என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு ஒரு கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"விழுந்து கிடந்தது நீங்களெண்டு நினைச்சன்" என்றாள். மூச்சு வாங்கியது. "சனத்தை விலத்திக்கொண்டு போய்ப் பாத்தன். வேற ஆள். அப்ப நீங்கள் எங்க? உங்களை முதலே ஆரோ தூக்கிக்கொண்டு போட்டினமெண்டு நினைச்சன். அதில இருந்து ஓடிவாறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய பயத்தை இத்தனை மாதமும் நான் பகிடியாகவே வைத்திருந்தேன். அது எவ்வளவு பெரியது என்று அவள் அந்தக் கையை எடுக்காதபோதுதான் தெரிந்தது. தேத்தண்ணிக் கடையை, பணிஸை, காலுறையை, ஒழுங்கையை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நேர்த்தி கெட்டுப்போனது என் பிழை, அடுத்த செவ்வாய் முதலில் இருந்து திரும்பவும் ஓடுகிறேன் என்றேன்.

"எந்தக் கடை?" என்று கேட்டாள்.

சொன்னேன். விழுந்த ஆளுக்கு இரண்டு கடை தள்ளி.

கொண்டையை முடிந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய கைப்பை ஓட்டோவில். தேத்தண்ணிக்குப் போக மிஞ்சிய காசில் நான்தான் மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கொளுத்தி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கிற குரலில் சொன்னாள்:

"அந்தோனியாரே, இந்த மனுசன் தேத்தண்ணிக் கடை வரைக்கும் ஓடினவர். அங்க இருந்து இஞ்ச வரைக்கும் நான் ஓடியிருக்கிறன். ரெண்டையும் ஒண்டாச் சேத்து எடுத்துக்கொள்ளும். இவரை இனி ஓட விடமாட்டன்."