நீந்தத் தெரியாத கேப்டன்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டோர்கெய்ர் வாத்தியார் மெஷின் ரம்பத்தை நிறுத்தினார். உறைந்த ஏரியில், கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி, ஒரு கறுப்புச் சதுரம் திறந்து கிடந்தது. இரட்டைக் கட்டில் ஒன்றை அப்படியே உள்ளே இறக்கலாம், அவ்வளவு பெரிசு. அறுத்த பனிப் பாளங்களை இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பி ஓரத்தில் அடுக்கினார்கள். தண்ணீர் அசையவே இல்லை. யாருக்காகவோ காத்திருக்கிறது என்று பராகத்துக்குத் தோன்றியது. யாருக்காக என்பதும் அவனுக்குத் தெரியும்.

பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக, முதுகில் மூட்டையோடும் குளிருக்குப் போட்ட உடுப்போடும், அந்தச் சதுரத்துக்குள் விழ வேண்டும். விழுந்தவர் தானாகவே ஏறி வர வேண்டும். அப்படி ஏறி வந்தவருக்குத்தான் திங்கட்கிழமை பயணத்தில் இடம். ஆறு நாள், மூன்று உறைந்த ஏரிகள், எல்லாம் பனிச்சறுக்கில். ஆகஸ்டிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அந்த ஆறு நாள் பேச்சுதான். நார்வேயில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்கள் உண்டு. ஒரு வருஷம் விடுதியில் தங்கி மலையேற வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், கூடாரம் அடிக்க வேண்டும். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. பரீட்சை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பதினெட்டு வயது பராகத் உஸ்பெகிஸ்தானிலிருந்து இத்தனை தூரம் வந்தான். இதோ, பரீட்சை தண்ணீரில் மிதக்கிறது.

சேர்ந்த அன்று ஒரு தாள் கொடுத்தார்கள். அலர்ஜி உண்டா, கண்ணாடி போடுவாயா, இருநூறு மீட்டர் நீந்துவாயா. பக்கத்தில் இருந்தவர்கள் நீச்சல் கேள்விக்கு யோசிக்கக்கூட இல்லை, டிக் அடித்துவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் குழந்தைகளுக்குப் பல் விழுவதற்குள் நீச்சல் வந்துவிடுகிறது. ‘இல்லை’ என்று போட்டால் அந்த அறையிலேயே அவன் ஒருத்தன்தான். பேனா தானாக ‘ஆம்’ பக்கம் போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் எது என்று கேட்டபோது மொய்னாக் என்றான், துறைமுகம் என்றான். தாத்தா மீன்பிடிக் கப்பலில் கேப்டன் என்றான். எல்லாமே உண்மை. ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான். அவன் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே கடல் வற்றி அந்த ஊரை விட்டுப் போய்விட்டது. கப்பல்கள் மணலில் நிற்கின்றன. அவன் இறங்கியதிலேயே ஆழமான தண்ணீர் முழங்கால் மட்டும் வரும் வாய்க்கால். “அப்ப நல்லா நீந்துவியா?” என்று கூடப் படிக்கிற சோல்ஃப்ரிட் கேட்டதற்கு, “காலைல பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கிலோமீட்டர்” என்று சொன்னதும் சாட்சாத் அவன்தான். அன்றிலிருந்து அவன் பேர் கேப்டன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம்தான். நம்ப ஆள் வேண்டுமே. விடுதிக் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, மொத்தப் பேரையும் பூட்டிய சாப்பாட்டு அறை வாசலில் நிற்க வைத்தவன் அவன். போன மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு, சோல்ஃப்ரிட் ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்த பிறகு எழுந்து தலைவணங்கியவனும் அவன்தான்.

விழுகிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடிக்க வேண்டும், பராகத்துக்கு அது எஸ்கில். ஒரே அறையில் படுக்கிறவன், நெட்டையன். கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“எஸ்கில்.”

“ம்.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

எஸ்கில் நிமிரவில்லை. “சரி கேப்டன்.”

“நிஜமாடா.”

“எனக்கு நடக்கத் தெரியாது. விடுதியிலேர்ந்து தவழ்ந்துதான் வந்தேன்.”

“அம்மா சத்தியமா சொல்றேன்.”

“வயித்து வலிக்கும் அம்மா மேலதான் சத்தியம் பண்ணினே. அந்தம்மா எத்தனை தடவைடா தாங்குவாங்க.”

பின்னால் நின்ற சோல்ஃப்ரிட் எட்டிப் பார்த்தாள். “என்னவாம்?”

“கேப்டனுக்கு நீச்சல் தெரியாதாம்.”

“அடப்பாவமே. கப்பல் மூழ்கினா கடைசியா இறங்குற ஆளாச்சே, என்ன பண்ணுவாரு.”

வரிசை சிரித்தது. பராகத்தும் சிரித்தான். பழகின வாய், கேட்காமலே சிரித்துவிடுகிறது. சிரித்து முடித்த பிறகுதான் புரிந்தது. இனி யாரிடம் சொன்னாலும் இது அந்த நகைச்சுவையின் இரண்டாம் பாகம்.

டோர்கெய்ர் தாடியில் பனி கட்டியிருந்தது. வார்த்தையை ரேஷனில் வாங்குகிற மனிதர்.

“விழுந்ததும் மூச்சு அடைக்கும். ஒன்னும் பண்ணாதீங்க, அது திரும்பி வரும். மூட்டை மிதக்கும், உங்களைத் தாங்கும். அப்புறம் நான் கேப்பேன், பேரு, ஊரு, காலைல என்ன சாப்பிட்டேன்னு. பதில் முழுசா வந்தா மூச்சு வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் விழுந்த பக்கமே திரும்பி, ஆணியைக் குத்தி, காலை உதைச்சு ஏறணும். மேல வந்ததும் எழுந்திரிக்காதீங்க, உருளுங்க.” கயிறு பிடிக்கிறவர்களைப் பார்த்தார். “நான் சொல்லாம யாரும் இழுக்கக் கூடாது. இழுத்தா அது கணக்குல வராது.”

ஆணி என்றது கழுத்தில் தொங்கும் இரண்டு மரப்பிடிகளை. நுனியில் இரும்பு முள் இருக்கும். பராகத் அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“வாத்தியாரே, ஒரு விஷயம்.” இங்கே எல்லோரும் வாத்தியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் நாக்கு மட்டும் இன்னும் வளையவில்லை.

“சொல்லு.”

பத்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா வாயும் சிரிக்கத் தயாராக இருந்தது.

“ஒன்னுக்குப் போகணும்.”

“உள்ளேயே போய்க்கோ. ரெண்டு செகண்டு சூடா இருக்கும்.”

முதலில் வேமுண்ட் விழுந்தான். தலை மேலே வந்தது, வாய் திறந்து மூடியது, பிறகு “வேமுண்ட். போடோ. ஓட்ஸ் கஞ்சி” என்று கத்தினான், ஆணியைக் குத்தி ஏறி உருண்டான். முக்கால் நிமிஷம். அடுத்தவள் அதைவிடச் சீக்கிரம். மூன்றாவது ஆள் முட்டை என்றதும் கைதட்டினார்கள். நான்காவது பராகத்.

விளிம்பில் நின்றபோது அவன் கறுப்பை மட்டும்தான் பார்த்தான். மார்புக் குறுக்கே மூட்டையின் பக்கிளைப் பூட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நேற்று இரண்டு தடவை செய்து காட்டினார்கள். இன்று மறந்துவிட்டது. விழுந்தான்.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. யாரோ அவனை இரண்டு கையாலும் பிழிந்தார்கள். மேலே வந்தான். பூட்டாத மூட்டையும் கூடவே வந்தது, பிடரிமேல் ஏறி உட்கார்ந்து அவன் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தியது. தலையைத் தூக்கினான். திரும்பவும் அழுத்தியது.

“பேரு?” டோர்கெய்ரின் குரல்.

பேர் ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லக் காற்றுதான் இல்லை.

“பேரு என்ன?”

“நடிப்பைப் பாரு,” என்றாள் சோல்ஃப்ரிட், ரசித்து. யாரோ விசில் அடித்தார்கள். டோர்கெய்ர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூச்சு திரும்ப ஒரு நிமிஷம் கொடுப்பது அவர் வழக்கம்.

இது நடிப்பில்லை என்று எந்த முகத்தை வைத்துக் காட்டுவது? வலி, பயம், சாவு, எல்லா முகத்தையும் அவன் ஏற்கெனவே விளையாட்டுக்குக் காட்டித் தீர்த்துவிட்டான். வேறு முகம் கையிருப்பில் இல்லை. தேடுவதை விட்டுவிட்டான்.

எஸ்கில் அதைத்தான் பார்த்தான். ஆறு மாதம் ஒரே அறையில் படுத்தும், ஒன்றுமே செய்யாத பராகத்தின் முகத்தை அவன் கண்டதில்லை. தூங்கும்போதுகூட அந்த உதடு ஓரத்தில் ஏதாவது ஒரு குறும்பு இருக்கும். பனி ஒட்டிய கையுறையில் கயிறு வழுக்கியது. பல்லால் கையுறைகளைப் பிடுங்கித் துப்பிவிட்டு, வெறுங்கையால் இழுத்தான். டோர்கெய்ர் “இழு” என்று சொல்வதற்குள் கயிறு விறைத்துவிட்டது.

பராகத் வயிறு தேய, விளிம்பைத் தாண்டி வந்து விழுந்தான். தண்ணீராகக் கக்கினான். ரொம்ப நேரம் கழித்து, தன் குரலா என்று அவனுக்கே தெரியாத ஒரு குரலில் சொன்னான்.

“நீச்சல் தெரியாது வாத்தியாரே.”

யாரும் சிரிக்கவில்லை.

“துறைமுகம்னு சொன்னியே,” என்றாள் சோல்ஃப்ரிட். அவள் முகம் வெளுத்திருந்தது.

“துறைமுகம்தான். கடல்தான் இல்ல.”

டோர்கெய்ர் மண்டியிட்டு, அவன் தோளிலிருந்து மூட்டையைக் கழற்றினார். “இந்தக் குழியில யாரும் நீந்துறதில்ல. ரெண்டு மூணு நிமிஷத்துல கை மரத்துடும், எந்தச் சூரனாலும் நீந்த முடியாது. பக்கிளு, மூச்சு, ஆணி. அவ்வளவுதான். ஆனா உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நானே உள்ள இறங்கி உன் பக்கத்துல இருந்திருப்பேன்.” மூட்டையை ஓரமாக வைத்தார். “பொய் சொன்னதுக்கு அப்புறம் திட்டுறேன். மறக்க மாட்டேன்.”

“கணக்குல வருமா?”

“வராது. ரெண்டு மணிக்கு இன்னொரு தடவை இறங்கலாம். இல்லேன்னா திங்கட்கிழமையிலேர்ந்து சமையல்கட்டு. நீயே முடிவு பண்ணு.”

ஆவிக்குளியல் அறையில் அவனை உட்கார வைத்தார்கள். தன் முறைக்கு விழுந்து ஏறி வந்த எஸ்கில் கீழ்ப்படியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் துண்டுக்குள் இருந்தன.

“கோவமா?” என்றான் பராகத்.

“நீ சொன்னே.”

“நான் சொன்ன லட்சணம் அப்படி. யாரு நம்புவாங்க.”

“இல்லடா. நீ மூணு தடவை சொன்னே. நான் தவழ்ந்து வந்தேன்னு பேசிட்டிருந்தேன்.”

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை பொருத்தமாக உட்காரும் என்று பராகத்துக்குத் தெரிந்தது. நாக்கு நுனிக்குக்கூட வந்துவிட்டது. விழுங்கினான். அதுவும் குளிர்ந்த தண்ணீர் மாதிரிதான் இறங்கியது.

இரண்டு மணிக்கு டோர்கெய்ர் ஆரஞ்சு நிற ரப்பர் உடையில் குழிக்குள் இறங்கி மிதந்துகொண்டிருந்தார். தோள் வலிக்கிறது என்று எஸ்கில் ஒதுங்கிக்கொண்டான். சோல்ஃப்ரிட் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, பராகத்தின் மார்புப் பக்கிளை அவளே பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். எஸ்கிலுக்குக் கோபம் தீரவில்லை என்று பராகத் நினைத்துக்கொண்டான். நியாயம்தான். காலையில் தெரியாமல் விழுந்தான், இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து விழ வேண்டும்.

விழுந்தான். பிழிந்தது. இந்தத் தடவை மூட்டை முதுகிலேயே இருந்து அவனைத் தூக்கிப் பிடித்தது. டோர்கெய்ரின் முகம் ஒரு அடி தூரத்தில் இருந்தது. அவர் தொடவில்லை. கரையில் இந்தத் தடவை விசில் இல்லை.

“பேரு?”

ஒன்று. இரண்டு. ஐந்தாவது மூச்சு உள்ளே போய், வெளியே வந்தது.

“ப… பராகத்.”

“ஊரு?”

“மொய்னாக்.”

“காலைல என்ன சாப்பிட்டே?”

“ஒன்னும் சாப்பிடல. பயமா இருந்துச்சு.”

டோர்கெய்ர் தலையசைத்தார். “திரும்பு.”

முதல் குத்தில் ஆணி வழுக்கி, முகவாய் பனியில் இடித்தது. இரண்டாவது பிடித்தது. காலை உதைத்தான். சொல்லிக் கொடுத்த மாதிரி அழகாக எல்லாம் உதைக்கவில்லை, அகப்பட்ட மாதிரி உதைத்தான். மார்பு ஏறியது, வயிறு ஏறியது, முழங்கால் ஏறியது. மூட்டையோடு மூட்டையாக உருண்டான். வானம், பனி, வானம், சோல்ஃப்ரிட்டின் காலணி.

“ரெண்டரை நிமிஷம்,” என்றாள் அவள். “இந்தப் பள்ளிக்கூடத்துலேயே நீதான் கடைசி.” பிறகு குனிந்து அவன் தொப்பியைப் பிழிந்து தலையில் மாட்டினாள்.

“திங்கட்கிழமை வர்றே,” என்றார் டோர்கெய்ர் தண்ணீரிலிருந்தே. “திரும்பி வந்ததும் டவுன் குளத்துல நீச்சல் வகுப்பு. ஏழு வயசுப் பசங்களோட. அவங்க கிண்டல் பண்ணுவாங்க, வாங்கிக்கோ.”

சாயங்காலம் ஐந்து மணிச் சாப்பாடு. மீன் உருண்டையும் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும். கிழங்கைத் தட்டில் வைத்து, முள்கரண்டியில் குத்தி, கத்தியால் தோலை அவரவர் உரித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்கில் மட்டும் உரிக்காமல் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை கத்தியை எடுத்து, உடனே கீழே வைத்தான். அப்போதுதான் பராகத் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தான். விரலடியிலிருந்து மணிக்கட்டு வரை குறுக்கே கயிறு தோலை உரித்திருந்தது. சிவப்பாக, ஈரமாக இருந்தது.

தோள் வலி என்று ஒதுங்கியது ஏன் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. தெரியவந்தால் டோர்கெய்ர் அவனைத் திங்கட்கிழமை நிறுத்திவிடுவார் என்று மறைத்திருக்கிறான்.

பராகத் எஸ்கிலின் தட்டிலிருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தன் தட்டுக்கு எடுத்தான். சூடு ஆறாத கிழங்கை விரலை மாற்றி மாற்றிப் பிடித்து உரித்தான், கிழங்கின் முளைக்கண்களையும் நோண்டி எடுத்தான், நாலு துண்டாக வெட்டித் திருப்பி வைத்தான்.

“சாப்பாடு ஆனதும் வாத்தியார்கிட்ட போய் மருந்து கட்டிக்கிட்டு வா,” என்றான் மெல்ல. “மூணு நாள் இருக்கு, ஆறிடும். நிறுத்தினாருன்னா, நானும் சமையல்கட்டுக்கு வர்றேன்.”

“உளறாதடா.”

“சத்தியமா.”

எஸ்கில் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஒரு துண்டை முள்கரண்டியால் புரட்டி, எல்லாப் பக்கமும் ஆராய்ந்தான்.

“மிளகு கிளகு ஒன்னும் போடலடா,” என்றான் பராகத்.

“தெரியும்,” என்றான் எஸ்கில். இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிட்டு வாயில் போட்டான்.