பக்கத்து சீட்டுக்கும் காற்று

படகின் பலகையில் மண்டியிட்டு, கடலுக்கடியில் மூச்சுவிட முதுகில் மாட்டும் பெரிய காற்று சிலிண்டரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அதன் வலப்பக்கத்தில் சின்ன சிலிண்டரை வைத்துப் பார்க்கிறார் அக்கா. சின்னதன் வால்வு கொஞ்சம் மேலே நிற்கிறது. தண்ணீருக்குள் தலையை நிமிர்த்தினால் இடிக்கும். இறக்குகிறார். இப்போது கை எட்டாது போலிருக்கிறது. மறுபடி ஒரு விரற்கடை ஏற்றுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பெல்ட்டுகளையும் இறுக்கி, சின்னதன் கழுத்தைப் பிடித்து உலுக்குகிறார். பெரியதும் சேர்ந்து ஆடினால்தான் அவருக்குத் திருப்தி.

"இது மட்டும் தனியா ஆடுச்சுன்னா ஒழுங்கா மாட்டலைன்னு அர்த்தம். கூடப்பிறந்தது மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கணும்."

பெரியதற்குப் 'பெரியவன்', சின்னதற்குச் 'சின்னவன்' என்று வீட்டில் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய கணவர் வாசலில் நின்று, "சின்னவனை ஏத்திட்டியா?" என்று கேட்பது தெருவுக்கே கேட்கும். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டம்மா, "உங்க சின்னவன் என்ன படிக்கிறான்?" என்று ஒருநாள் விசாரித்தார். "படிப்பு ஏறலைங்க, காத்துதான் ஏறுது," என்றார் அக்கா.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவர் உட்காரும் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் அக்காவின் கால் காப்பாற்றும். அந்தக் காலை வைத்தே ஊரில் அவருக்குப் 'பிரேக் அக்கா' என்று பட்டம். சின்ன சிலிண்டர் எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் தயார்: "ரெண்டாவது பிரேக் இல்லாத வண்டியில நான் வேலைக்கு ஏறினதே இல்ல. கடலுக்கு மட்டும் ஒத்தையா இறங்குவேனா?"

அவரைக் கடலுக்கு இழுத்துவந்தவர் அவரிடம் கார் கற்ற ஒரு மாட்டு டாக்டர். முரட்டுக் காளைக்கு அலட்டிக்கொள்ளாமல் ஊசி போடும் டாக்டரம்மா, ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். பயிற்சி மைதானத்து வேலியில் பாதி அவர் புண்ணியத்தில் புதுசு. லைசென்ஸ் கையில் வந்த சந்தோஷத்தில், "அக்கா, நீங்க எனக்கு ரோட்டைக் காட்டினீங்க. நான் உங்களுக்குக் கடலோட அடியைக் காட்டுறேன்," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அன்றைக்குத் தொற்றிக்கொண்ட பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

டாக்டரம்மாவுக்குச் சின்னவனைப் பிடிக்காது. "எதுக்குக்கா இந்தச் சுமை? ஏதாவதுன்னா என் காத்தைத் தரமாட்டேனா? நான் பக்கத்துலதானே இருக்கேன்."

"இருப்ப. ஒரு மீன் குறுக்க போனா அது பக்கத்துல இருப்ப."

சின்னவனுடைய மூச்சுக்குழாயை அக்கா வழக்கத்தைவிட நீளமாக வாங்கியிருந்தார். அதற்கும் கேலி. "இவ்வளவு நீளம் யாருக்கு?"

"பக்கத்து சீட்டுக்கு எட்டணும்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வரவில்லை, ஆமை வந்தது. பெரிய பித்தளைத் தாம்பாளம் போல ஒன்று, அவசரமே இல்லாமல் நீந்திப்போக, டாக்டரம்மா அதன் பின்னால் கிளம்பிவிட்டார். அக்கா விடாமல் பின்தொடர்ந்தார். பாறை ஒன்றைத் திரும்பும்போது டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் சடசடவென்று வெள்ளைக் குமிழிகள் கொட்டின. காற்றுக்குழாய் வெடித்துவிட்டது. மொத்தக் காற்றும் அந்த ஓட்டை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். முகமூடிக்குள் இருந்த கண்களை அக்காவுக்கு அடையாளம் தெரிந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது, மூடுவதற்கு முன்னால், அவை அப்படித்தான் இருக்கும்.

அக்காவின் கால் தண்ணீரில் அழுத்தமாக ஒரு மிதி மிதித்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் கை, மார்பில் செருகியிருந்த சின்னவனின் குழாயை உருவி டாக்டரம்மாவின் வாய்க்கு நேரே நீட்டியிருந்தது. அவர் அதைக் கவ்வினார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. இருவரும் ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஒரே தாவலாக மேலே போய்விட வேண்டும். அப்படிப் போனால் உடம்புக்கு ஆபத்து. அக்கா உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல அசைத்தார். பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது காரில் காட்டும் அதே சைகை: மெதுவா, மெதுவா. வெளிச்சம் தெரிகிற இடம்வரை வந்து, விதிப்படி கொஞ்ச நேரம் அங்கேயே மிதந்தார்கள். அப்போது, இத்தனைக்கும் காரணமான ஆமை இருவருக்கும் நடுவே புகுந்து, யாரையும் சட்டை செய்யாமல் போயிற்று. முதலில் டாக்டரம்மாவிடமிருந்துதான் குமிழிகள் கொத்தாக வந்தன. அக்கா பயந்துபோனார். பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது. புரிந்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை.

படகில் ஏறியும் சிரிப்பு நிற்கவில்லை. நடுநடுவே டாக்டரம்மாவின் பற்கள் தந்தியடித்தன. படகுக்காரர் ஒன்றும் புரியாமல் இருவருக்கும் துண்டை நீட்டினார்.

"என்னம்மா ஆச்சு கீழே?"

"குழாய் வெடிச்சுப்போச்சு. அக்கா காத்து குடுத்தாங்க," என்றார் டாக்டரம்மா. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, எனக்கும் ஒண்ணு வாங்கணும். எப்படி மாட்டுறதுன்னு சொல்லிக்குடுங்க," என்றார்.

"சொன்னா மறந்துடுவ. மாட்டிப் பாரு."

அக்கா தன் சிலிண்டரிலிருந்து சின்னவனைக் கழற்றி அவர் மடியில் வைத்தார். டாக்டரம்மா தன் சிலிண்டரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி மண்டியிட்டார். பெல்ட்டை முறுக்கிப் போட்டார், பிரித்தார். வால்வு ரொம்பக் கீழே போயிற்று. அக்காவின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கைகள் தாமாக முன்னால் போயின. அவற்றை இழுத்து, இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.