சிங்கத்தின் மூக்கு

அருங்காட்சியகத்தில் அவருக்குத் 'தொடாதே' என்றுதான் பெயர். சிற்பக் கூடத்தின் காவலாளி. வீட்டிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எதையும் இரண்டடி தள்ளி நின்றே பார்ப்பார். "பாத்திரம் தேய்க்கச் சொன்னா மட்டும் உத்தியோக ஞாபகம் வந்துடும்" என்பாள் மனைவி.

கூடத்தின் நடுவே ஒரு பளிங்குச் சிங்கம். நொடித்துப்போன அரண்மனையின் ஏலத்தில் ஓர் உப்பு வியாபாரி எடுத்தது. கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே அதை வைத்து, பார்க்க வந்தவர்கள் தலையில் உப்பைக் கட்டினார். கூட்டம் பெருகியது. ஓவியங்கள், நாணயங்கள், ஜாடிகள் ஒவ்வொன்றாக உள்ளே வர, மூட்டைகள் வெளியேறின. கிடங்கு அருங்காட்சியகமானது.

சிங்கத்தின் மூக்கைப் பார்த்தால் எவருக்கும் கை அரிக்கும். அவருக்கும் அரித்தது. ஊரையே தடுத்துவிட்டுத் தான் மட்டும் தொடுவதாவது? ஓய்வுபெறும் நாளில் இயக்குநர் அம்மா என்ன வேண்டுமென்று கேட்டபோது சொல்லிவிட்டார்.

"கடிகாரமெல்லாம் வேண்டாம்மா. அந்த மூக்கை ஒரு தடவை தொட்டுக்கறேன்."

மாலை கதவு சாத்தியதும், மனைவியைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு தொட்டார். குளிரவில்லை. தட்டினார். டொக்கென்றது.

இயக்குநர் நெளிந்தார். "இது பிளாஸ்டர் நகல். அசல் கீழ் அறையில இருக்கு. நீங்க சேர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டாங்க."

"அப்ப நான் எதைக் காவல் காத்தேன்?"

"நீங்க போட்ட அதட்டல்லதானே எல்லாரும் அசல்னு நம்பினாங்க. சொல்லியிருந்தா அந்தக் காரம் வந்திருக்குமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கீழே போலாம்" என்றார் அவர். முகம் செத்துப்போயிருந்தது.

கீழ் அறையில் இயக்குநர் போர்வையை விலக்கினார். சிங்கம் அதேதான், மூக்கு மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. அவர் கையை நீட்டினார். பாதி வழியில் அது திரும்பிப்போய் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மறுபடி நீட்டினார். மறுபடி ஒளிந்தது.

மனைவி அவரைத் தாண்டிப் போய் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள்.

"தொடாதீங்கம்மா" என்று பழக்கத்தில் அவர் அதட்டினார். அறை அதிர்ந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. "கட்டிக்கிட்டதுலேர்ந்து இவ்வளவு மரியாதையா என்கிட்ட பேசினதே இல்ல" என்றபடி, இன்னொரு கையால் அவர் கையைப் பின்னாலிருந்து இழுத்து மூக்கின்மேல் அழுத்தினாள்.

குளிர்ந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"வழவழன்னு இருக்கு. எத்தனை பேர் தடவியிருப்பாங்க" என்றவர், சட்டென்று கண் திறந்து இயக்குநரை முறைத்தார். "எனக்கு முன்னால இருந்த காவக்காரன் என்னதான் பண்ணிட்டிருந்தான்?"