நடுகல்லில் ஊற்றிய தண்ணீர்

கோவையில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். இடிந்த கோட்டை, சமணக் கோயில், நடுகல் என்று ஒரு நாள் பயணங்களுக்கு ஆட்களை அழைத்துப் போகும் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் தனியாகக் குழு நடத்திய முதல் நாளைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள், வேப்பமரத்தடியில் நடுகல் இருக்கிறது. சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல். கையில் வில், தலைக்கு மேல் இரண்டு வரி வட்டெழுத்து. தோட்டத்துக்காரர் சரஸ்வதியம்மாவின் குடும்பத்துக்கு அது சாமி. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது. எங்கள் பயணத்தில் ஆட்கள் விரும்பிக் கேட்கும் இடமும் அதுதான்.

அந்த முதல் நாள், வேன் டிரைவரிடம் பேசிவிட்டு வந்து பார்த்தால், குழுவில் வந்திருந்த ராமசாமி கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். மஞ்சளும் எண்ணெயும் எழுத்தை மறைக்கிறதென்று தண்ணீர் பாட்டிலைக் கல்லின் மேல் கவிழ்த்திருந்தார். மஞ்சள் வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

சரஸ்வதியம்மா மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தார்.

“ஏனுங்க, சாமிக்குத் தண்ணி ஊத்துனது ஆருங்க?”

ராமசாமி கையைத் தூக்கினார். “நானுங்க. எழுத்துத் தெரியலீங்க, அதான்…”

“அமாவாசைக்குத்தானுங்க நாங்க தண்ணி ஊத்துவோம்.”

நான் முந்திக்கொண்டு, “தப்புத்தானுங்க. இப்பவே கெளம்பிக்கறோம்” என்றேன்.

“கெளம்பறதா? ஈரத்தோட வெறுங்கல்லா உட்டுப்போட்டுப் போறதுங்களா? ஊத்துனவங்களே முழுசாச் செஞ்சுபோட்டுப் போங்க.”

குடத்தில் தண்ணீரும் மஞ்சளும் விளக்கும் வந்தன. ராமசாமி பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கல்லைக் கழுவினார். சாத்துவதற்குப் புதுத்துணி வேண்டும் என்றதும், அவர் மனைவி பையிலிருந்து பிரிக்காத துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஊட்டுல ஒரு நாளு சாமி படத்தைத் தொடச்சிருப்பாருங்களா இவரு? நல்லா வேலை வாங்குங்க.”

சரஸ்வதியம்மா சிரித்துவிட்டார்.

மஞ்சள் பூசப் போன ராமசாமியை அவரே நிறுத்தினார். “சித்த இருங்க. எழுத்துன்னீங்களே, என்னங்க எழுதியிருக்குது?”

ஊர் மாடுகளைப் பிடித்துப்போக வந்தவர்களோடு சண்டையிட்டு, மாடுகளை மீட்டு இறந்தவன் என்று படித்துச் சொன்னேன். சரஸ்வதியம்மா மாட்டுக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுக்குத்தானாட்ட இருக்குதுங்க, மாட்டுப் பொங்கலுக்கு மொதப் படையல் இங்க வெக்கறோம். ஏன்னு எங்க மாமியாருக்கே தெரியாதுங்க.”

ராமசாமி மஞ்சள் பூசி, துண்டைச் சாத்தி, விளக்கேற்றினார். கிளம்பும்போது சரஸ்வதியம்மா என்னைக் கூப்பிட்டார்.

“இனி வாரதுன்னா அமாவாசைக்கு வாங்க. எப்படியும் தண்ணி ஊத்துவோம். அப்பப் படிச்சுக்கலாம்.”



அந்தப் பயணத்தை இப்போது அமாவாசையன்று மட்டும் வைக்கிறேன். புதிய ஊர் என்றால், கல் யார் வீட்டுச் சாமி, என்றைக்குக் கழுவுவார்கள் என்று முன்பே போய்க் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அந்த வீட்டில் கேட்டுத்தான் நாள் வைக்கிறோம் என்பேன்.