‘ம்’ விட்டுப்போன குப்பம்

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறும்போதே ஃபிர்தௌஸ் பேசத் தொடங்கிவிடுவார். தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வதும் உண்டு. பேச்சு கைப்பேசியோடு. மாநிலத்தின் நீர்த்தரத் திட்டத்தைத் தயாரிக்கும் அலுவலகத்தில் அவர் பொறியாளர். தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது; சொல்லச் சொல்லக் கைப்பேசியே எழுதிக்கொள்ளும். “இன்னாத்துக்கு வெரலு வலிக்கணும்? வாயி சும்மாதான கீது” என்பார்.

அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பற்றி நிபுணர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினால், இவர் “அதாவது கலீஜு” என்று முடித்துவிடுவார். சாப்பாட்டுப் பையில் எப்போதும் இரண்டு பாட்டில்கள். ஒன்று குடிக்க, மற்றது எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்தது. தோழிகளான நாங்கள் யாரும் இவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

அந்தக் கழிமுகத்தைத் திட்டத்தில் எந்த வகையில் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. ‘தொழிற்சாலைக்குப் போதுமான நீர்’ என்று எழுதிவிட்டால் யாரும் அதைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. ‘மீன் வாழும் நீர்’ என்று எழுதினால் கழிவு விடுகிறவர்களைக் கேள்வி கேட்கலாம். மேலதிகாரிக்கு முதல் வகைதான் பிடித்திருந்தது, வேலை மிச்சம். ஃபிர்தௌஸ் மல்லுக்கட்டி, கருத்துக் கேட்க அவரைக் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊரான முகத்துவாரக்குப்பத்துக்கே கூட்டி வந்தார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

சமுதாயக் கூடத்தில் மேலதிகாரி வரைவைப் படித்தார்: “முதலில் கவனிக்க வேண்டியது முகத்துவாரக் குப்பை.”

மீன் விற்கும் ஞானபாக்கியம் எழுந்துவிட்டார். “யார பாத்து குப்பைன்ற? எங்கள வாரிக்கினு போயி கொட்டப் போறியா நைனா?”

மேலதிகாரி முழித்தார். பாவம், எழுதியிருந்ததைத்தான் படித்தார்.

ஃபிர்தௌஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்தார். “யக்கா, தப்பு என் வாயிதான். நான் குப்பம்னுதான் சொன்னேன். நம்ப பேசறப்ப ‘ம்’ மூக்குல பூடுதில்ல? போனு அத்த குப்பைன்னு எழுதிகிச்சு.”

கூடத்தில் ஆளாளுக்கு ‘குப்பம்’ சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலும் ‘ம்’ தேறவில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

“சரி, அத்த வுடு. தண்ணி இன்னா வகைன்னு எழுதிகீற?” என்றார் ஞானபாக்கியம்.

“தொழிற்சாலைக்குப் போதுமானது. இங்கே மீன் பிழைப்பது கடினம் என்று…” என இழுத்தார் மேலதிகாரி.

“அப்ப இது இன்னா?” ஞானபாக்கியம் தன் பக்கெட்டின் மூடியைத் திறந்தார். இறால் ஒன்று துள்ளி வரைவின்மேல் விழுந்தது. “முன்ன மாதிரி இல்ல, கம்மியாதான் கெடைக்குது. அதுவும் நின்னுட்டா நாங்க எங்க போவோம், சொல்லு.”

இறால் இன்னொரு முறை துள்ளியது. மேலதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு வரியை அடித்து, ‘மீன் வாழும் நீர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஃபிர்தௌஸ் அந்த ஈரத் தாளை அவர் கையிலிருந்து மெல்ல உருவினார். கூடமே கைதட்டிக்கொண்டிருக்க, மை காயட்டும் என்று, கன்னம் உப்ப அதன்மேல் ஊதிக்கொண்டே நின்றார்.