மூன்றாவது சரணம்

நாடே எழுந்து நிற்பதற்காக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்த மனிதருக்கு, எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. எல்லாம் வலது முழங்கால் பார்த்த வேலை.

குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர் அவர். முப்பது வருடம் பூந்தொட்டிக்குப் பின்னாலும் நாய்க்கு முன்னாலும் குனிந்து குனிந்து எண் குறித்தால் முழங்கால் தேயாமல் என்ன செய்யும்?

வேலைக்குச் சேர்ந்த புதிது. நாடும் அப்போதுதான் பிறந்திருந்தது. தேசியகீதம் எழுத யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்றார்கள். மலைக்கு ஒரு சரணம், கடலுக்கு ஒரு சரணம் என்று மீட்டர் அட்டையின் முதுகில் எழுதிவிட்டார். விதிப்படி மூன்று வேண்டும். கடைசி நாளாகியும் மூன்றாவது பிடிகொடுக்கவில்லை.

"மலை இருக்கு, கடல் இருக்கு. மனுஷங்களே இல்லையா இந்த நாட்டுல?" ஈரத்துணியை உதறிக்கொண்டே மனைவி கேட்டாள். "நீங்க தட்டினதும் கதவத் திறக்கிறாங்களே, அவங்களப் பத்தி எழுதுங்க."

"வாய் கிழியுதே, நீயே சொல்லேன்!"

துணி காயப்போட்டு முடிப்பதற்குள் நான்கு வரி சொல்லிவிட்டாள். அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்ற நேரமும் இல்லை. தபால்காரர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

பாட்டு ஜெயித்தது. சான்றிதழில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அவளும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

நாட்டில் தேசபக்தி வருடா வருடம் வளர்ந்தது. அவர் முழங்காலும் வருடா வருடம் தேய்ந்தது. சினிமாவில், பந்தயத்தில், பாலம் திறப்பில், எங்கே போனாலும் மூன்று சரணம். ஒருநாள் தியேட்டரில் மூன்றாவது தொடங்கியதும் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவரே, இந்தப் பாட்டோட அருமை உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போகுது!" என்றது பின்வரிசை.

மறுநாளே, வீட்டில் மூச்சுவிடாமல், மூன்றாவது சரணத்தை நீக்கக் கோரி பண்பாட்டுத் துறையில் மனுக் கொடுத்தார்.

"எழுதினவரோட சம்மதக் கடிதம் வேணுமே சார்" என்றாள் எழுத்தர்.

"நான்தாம்மா எழுதினேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அவர்கிட்ட நீங்களே வாங்கிடுங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தமக்குத் தாமே சம்மதம் எழுதிக் கொடுத்தார். அதிசயமாக ஒரே மாதத்தில் உத்தரவு வந்தது.

புதிய நீர்த்தொட்டி திறப்புவிழா. முன்வரிசையில் அவரும் மனைவியும். இரண்டு சரணத்தோடு பேண்டு ஓய்ந்தது. அப்பாடா என்று அவர் பாதி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டாங்க?"

"அரசாங்க உத்தரவாம்."

"யார் கேட்டாங்களாம்?"

அவர் நீர்த்தொட்டியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். அவளுக்கு அது போதும். வேறொன்றும் கேட்காமல் பாட ஆரம்பித்தாள், தன்னந்தனியாக. இரண்டாவது வரியில் பின்வரிசை சேர்ந்தது. மூன்றாவதில் கூட்டமே சேர்ந்தது. பேண்டுக்காரர்கள் பதறிப்போய் உறையில் போட்டதை உருவி எடுத்தார்கள். தட்டினால் திறக்கும் கதவுகளைப் பற்றி அத்தனை தொண்டையும் பாட, அவர் மெல்ல எழுந்தார். பாடிக்கொண்டே அவள் அவர் முழங்கைக்குக் கீழே கை கொடுத்தாள்.

"வலிக்குதா?" என்றாள் முடிந்ததும்.

"உயிர் போகுது."

"போகட்டும்."

திங்கட்கிழமை மறுபடி பண்பாட்டுத் துறை. நீக்கிய சரணத்தைத் திரும்பச் சேர்க்க மனு.

எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எழுதினவரோட சம்மதக் கடிதம்?"

"கடிதம் எதுக்கும்மா?" என்று நகர்ந்து வழிவிட்டார் அவர். "அவங்களே வந்திருக்காங்க."