அச்சு பிரிந்த பக்கம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சிந்தாமணியைத் தெரியாதவர்கள் குறைவு. பாதிப் பேருக்கு அவள் கையைத் தெரியும், பாதிப் பேருக்கு வாயைத் தெரியும். களிமண் கரைசலை ஊற்றிய அச்சைப் பிரித்து, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையை அவள் எடுத்தால் பிள்ளையாரின் தும்பிக்கை நுனிகூட நோகாது. பக்கத்தில் யாராவது அவசரப்பட்டு உடைத்துவிட்டால் போச்சு, வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு அன்று டீகூட இறங்காது.

மகள் இனியாவைக் குளிப்பாட்டும்போது விலாவுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டதே, அன்றைக்கு அடங்கியது அந்த வாய். ஐந்து வயதுப் பிள்ளை. சிறுநீரகத்தில் கட்டி, குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். முதலில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டியும் சுருங்கியது.

“நல்லா சுருங்கியிருக்கும்மா” என்றார் டாக்டர் துர்காதேவி. “எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. இவளுக்கு வயித்தைப் பெருசா கிழிக்காம, சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா வச்சு எடுக்கலாம். ஒரு கிட்னி போகும், இன்னொண்ணு போதும். ஆனா கட்டி உள்ளே உடையக் கூடாது. உடைஞ்சா பரவும். அப்புறம் ரேடியேஷன் கரண்ட் வைக்கிறது, கூடுதல் மருந்துன்னு நீளும்.”

உடையக் கூடாது என்பதைச் சிந்தாமணிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வந்ததும் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். குறையை மனுவாக எழுதிக் கட்டிவிட்டால் சாமி விசாரித்தே தீர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. அவள் ஒரே வரிதான் எழுதினாள், ‘கட்டி முழுசா வரணும்’ என்று.

ஆபரேஷன் முடிந்து பிள்ளையைக் காட்டினார்கள். வயிற்றில் ஒட்டுப்பொட்டு அளவில் மூன்று பிளாஸ்திரி. அவ்வளவுதான். சிந்தாமணி அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். அச்சின் வாயைவிடப் பெரிய பொருள் அந்த வாய் வழியே முழுசாக வராது. அவள் பிழைப்பே அதுதானே.

“இத்தினியூண்டு ஓட்டையில அம்மாம் பெரிய கட்டி எப்படிங்க வரும்? உடைச்சித்தான எடுத்தீங்க? மறைக்காம சொல்லிடுங்க.”

புருஷன் அர்ச்சுனன் பதறிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தான். டாக்டர் கோபிக்கவில்லை. போர்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அடிவயிற்றில், ஜட்டி மறைக்கிற இடத்தில், நீளமாக இன்னொரு கட்டு.

“உள்ளேயே ஒரு பையில போட்டு, பை வாயை இறுக்கி, இந்த வழியா எடுத்தோம்மா. உடையல. முழுசா வந்துச்சு.”

சிந்தாமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

“அச்சு கீழ்ப்பக்கமா பிரிஞ்சிருக்குது டாக்டரம்மா. கூறு கெட்டவ, நான் மேலயே பாத்துக்கிட்டு நிக்கிறேன்” என்றாள்.

மிச்ச மருந்தும் முடிந்தது. சோதனையில் எங்கேயும் பரவவில்லை என்று வந்தது. முடி முளைத்த தலையோடு இனியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினாள்.

மறுநாள் பட்டறையில் செல்வநாயகி ஒரு மயிலின் கழுத்தை உடைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். எல்லோரும் சிந்தாமணியின் வாயையே பார்த்தார்கள்.

“பச்சமண்ணுதானடி, வுடு” என்றாள் அவள். “கரைச்சி இன்னொண்ணு ஊத்திக்கலாம்.”